மண்ணுக்கடியில் ஒரு மாபெரும் தொண்டு



யூபிலி மலர் என்றால் அதில் பாதுகாவலராம் புனிதரின் வரலாறும், நம்மை வழிநடத்திய குருக்களின் வரலாறும், கோவில் எழும்பப் பொருளும் உழைப்பும் ஈந்த பெரியோரின் வரலாறும் இடம் பெறுவது முறை. அவற்றோடு ஒரு பொறியாளரின் வாழ்க்கையையும் இம்மலரில் சேர்க்கின்றோம். அவர் கோவில் கட்டியவரல்லர். பள்ளியோ மருத்துவமனையோ எழுப்பியவருமல்லர். அவர் கட்டியது சாக்கடை. லண்டன் மாநகரின் தெருக்களுக்கு அடியில், ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் ஓடும் கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டிய சர் ஜோசப் பாசல்ஜெட் என்பவரே அவர்.

இவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். நம் தமிழகத்துப் பங்குகள் பலவற்றில் புனித செபஸ்தியாருக்குத் தேர் இழுக்கிறோம். ஊரில் கொள்ளை நோய் புகுந்து, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிணங்கள் விழுந்த காலத்தில் நம் முன்னோர் கண்ணீரோடு செய்துகொண்ட பொருத்தனைகளின் நினைவே அவ்விழாக்கள். வாந்திபேதி என்று அவர்கள் நடுங்கிய அந்நோய் இன்று நம் வீடுகளை அப்படி அழிப்பதில்லை. அம்மன்றாட்டுகளை இறைவன் கேட்டருளினார். கேட்டருளிய இறைவன் எத்தனையோ மனிதரின் கைகளையும் அறிவையும் கருவிகளாகக் கொண்டார். அக்கருவிகளில் ஒருவரை அறிந்துகொள்வது நமக்கு நலம் தரும்.

பிறப்பும் பயிற்சியும்

ஜோசப் வில்லியம் பாசல்ஜெட் 1819-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28-ஆம் நாள் லண்டனை அடுத்த என்ஃபீல்டு என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் அரச கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாட்டனார் பிரான்சு நாட்டிலிருந்து குடியேறித் தையற்கலையால் பெரும் பொருள் ஈட்டியவர். பாசல்ஜெட் என்னும் பெயர் ஆங்கிலப் பெயராய் ஒலிக்காததன் காரணம் இதுவே.

ஜோசப் உடலால் சிறியவர். ஆனால் எடுத்த காரியத்தை விடாத மனம் படைத்தவர். 17-ஆம் வயதில் சர் ஜான் மக்நீல் என்ற புகழ்பெற்ற பொறியாளரிடம் பயிற்சிக்குச் சேர்ந்து, அயர்லாந்தில் சதுப்பு நிலங்களில் நீர் வடித்து நிலம் மீட்கும் வேலையில் ஈடுபட்டார். மண்ணின் இயல்பு, நீரின் போக்கு, சரிவின் கணக்கு ஆகிய மூன்றையும் அங்கே கற்றார். பின்னாளில் மாநகரையே காத்தது அந்த இளமைப் பாடம்தான்.

1842-இல் லண்டனில் தனியே தொழில் தொடங்கினார். நாடெங்கும் இருப்புப்பாதை போடும் மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது. அளவைக் கணக்குகளும் வரைபடங்களும் மலைபோல் குவிந்தன.

ஜோசப்பும் மரியாவும்

1845-இல் மரியா என்னும் நற்குண மங்கையை மணந்தார். ஜோசப், மரியா என்று அவர்கள் பெயர் பொருந்தியிருப்பதைக் காணும்போது நமக்குத் திருக்குடும்பத்தின் நினைவு வருவது இயல்பே. நாசரேத்து ஊர்த் தச்சரான புனித சூசையப்பரைப் போல இவரும் பேச்சைக் குறைத்து வேலையைப் பெருக்கியவர்.

மணவாழ்க்கையின் தொடக்கத்திலேயே ஒரு சோதனை வந்தது. இரவு பகல் பாராமல் உழைத்த உழைப்பு 1847-இல் அவரைப் படுக்கையில் தள்ளியது. உடலும் உள்ளமும் ஒருங்கே தளர்ந்து, வேலையை அறவே விட்டுவிட்டு நகரை நீங்கி நாட்டுப்புறத்தில் தங்க நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 28. வீட்டிலோ கைக்குழந்தைகள். வருவாய் ஈட்டும் தலைவன் படுத்துவிட்டால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏறத்தாழ ஓராண்டு ஓய்வுக்குப் பிறகே அவர் எழுந்தார்.

பின்னர் அக்குடும்பம் தழைத்தது. ஜோசப்-மரியா தம்பதியருக்கு மக்கள் பதினொருவர். மாநகரின் பெரும் பொறுப்பைத் தோளில் சுமந்த ஆண்டுகளிலேயே இத்தனை பிள்ளைகளையும் ஆளாக்கினார். மக்களில் எட்வர்டு தந்தையின் தொழிலையே மேற்கொண்டு, தந்தை கட்டிய நதிக்கரைகளைப் பற்றிப் பொறியாளர் சபையில் கட்டுரை படிக்கும் அளவுக்கு உயர்ந்தார். வேலையின் பெயரால் வீட்டைக் கைவிடுவோரும் வீட்டின் பெயரால் பொதுக்கடமையைக் கைவிடுவோரும் உண்டு. பாசல்ஜெட் இரண்டையும் சுமந்தார்.

நோயுற்ற மாநகர்

அவர் உடல் தேறித் திரும்பிய லண்டன் எப்படி இருந்தது? உலகிலேயே பெரிய நகரமும் செல்வம் மிக்க நகரமும் அதுவே. 1851-இல் அதன் மக்கள்தொகை 23 லட்சத்துக்கு மேல். ஆனால் அவ்வளவு மக்களின் கழிவும் வீட்டுக்கு அடியில் உள்ள மலக்குழிகளில் தேங்கி நின்றது. குழிகள் நிறைந்து தரையோடு ஊறின. பக்கத்திலேயே குடிநீர்க் கிணறுகள்.

மழைநீர் வடிவதற்கென்று பழைய கால்வாய்கள் இருந்தன. மலக்குழிகளை மூடி வீட்டுக் கழிவை இக்கால்வாய்களில் விடவேண்டும் என்று அதிகாரிகள் 1840-களின் இறுதியில் ஆணையிட்டார்கள். துர்நாற்றமே நோயைப் பரப்புகிறது என்று அக்காலத்து அறிஞர் பெரும்பாலோர் நம்பினர். வீட்டிலிருந்து நாற்றம் நீங்கினால் நோயும் நீங்கும் என்பது அவர்கள் எண்ணம். கால்வாய்கள் எல்லாம் தேம்ஸ் நதியில் விழுந்தன. அந்த நதியிலிருந்துதான் தண்ணீர்க் கம்பெனிகள் நீர் இறைத்துப் பல்லாயிரம் வீடுகளுக்கு வழங்கின. ஆக, நல்லெண்ணத்தோடு செய்த காரியம் நகர மக்களின் கழிவை அவர்களுடைய குடத்திலேயே கொண்டுவந்து சேர்த்தது.

அதன் விலை உயிர்கள். 1832-இல் லண்டனில் காலராவுக்கு இரையானோர் 6,536 பேர். 1848-49-இல் 14,137 பேர். 1853-54-இல் 10,738 பேர். காலையில் திடமாய் நடமாடியவர் மாலையில் நீர் வற்றிய சருகாய்க் கிடந்தார்.

1854-இல் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், பிராடு தெருவில் ஒரு குழாயடியில் நீர் குடித்த வீடுகளிலேயே சாவு மிகுந்திருப்பதைக் கண்டறிந்து, நோய் தண்ணீரால் பரவுகிறது என்று எடுத்துக்காட்டினார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஆயினும் பெரியோர் பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை. 1858 ஜூனில் அவர் காலமானார். தம் கருத்து வென்றதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

காத்திருந்த காலம்

பாசல்ஜெட் 1849-இல் கழிவுநீர் ஆணையத்தில் உதவி அளவையாளராகச் சேர்ந்தார். ஆணையங்கள் வந்தன, கலைந்தன, மீண்டும் வந்தன. தலைமைப் பொறியாளராயிருந்தவர் வேலைப் பளுவாலும் மனவேதனையாலும் நலிந்து 1852-இல் இறந்தார். அவ்விடத்தில் பாசல்ஜெட் அமர்ந்தார். முன்னரே ஒருமுறை உழைப்பால் உடைந்த உடம்போடு அப்பொறுப்பை ஏற்பதற்கு எத்தனை துணிவு வேண்டும்!

1856-இல் பெருநகரப் பணிகள் வாரியம் அமைந்தபோது அவரே அதன் தலைமைப் பொறியாளர் ஆனார். திட்டமும் கையில் ஆயத்தமாயிருந்தது. ஆனால் கழிவு எந்த இடத்தில் நதியில் விழவேண்டும், செலவை யார் ஏற்பது என்ற வழக்காடல் இரண்டு ஆண்டுகளைத் தின்றது. வரைபடங்களைத் திருப்பி அனுப்பினார்கள், திருத்தி அனுப்பினார். மறுபடியும் திருப்பினார்கள்; மறுபடியும் திருத்தினார். சினந்து வேலையை உதறவுமில்லை, சோர்ந்து ஒதுங்கவுமில்லை.

1858-ஆம் ஆண்டின் கோடை அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது. வெயில் ஏறியது, நதியில் நீர் குறைந்தது, தேங்கிய கழிவு புளித்துப் பொங்கியது. அந்த நாற்றத்தை லண்டன் மக்கள் பெருநாற்றம் என்றே பெயரிட்டு அழைத்தார்கள். பாராளுமன்றக் கட்டடம் நதிக்கரையிலேயே இருந்தது. சுண்ணச் சத்து கலந்த நீரில் நனைத்த திரைகளைச் சன்னல்களில் தொங்கவிட்டும் பயனில்லை. நிதியமைச்சரே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அறையை விட்டு ஓடினார். ஏழைகளின் குடிசைகளில் பல்லாண்டு வீசிய நாற்றம் ஆள்வோரின் மூக்கை எட்டியவுடன் சட்டம் பிறந்தது. மசோதா கொண்டுவந்த 18 நாட்களுக்குள், ஆகஸ்டு 2-ஆம் நாள் அது நிறைவேறியது. 30 லட்சம் பவுன் கடன் திரட்டும் உரிமையும், தடையின்றி வேலை செய்யும் உரிமையும் வாரியத்துக்குக் கிடைத்தன.

31 கோடியே 80 லட்சம் செங்கல்

பாசல்ஜெட்டின் திட்டத்தை நம் வீட்டுப் பெண்களும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். முற்றத்து நீர் கிணற்றில் விழாதபடி குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி ஒதுக்குப்புறம் கொண்டுபோய் விடுகிறோம் அல்லவா? அதையே அவர் ஒரு மாநகருக்குச் செய்தார். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நதியை நோக்கிச் சரிந்துவரும் கால்வாய்களை, நதியைத் தொடுமுன் குறுக்கே மறித்துப் பிடித்துக் கிழக்கே வெகுதூரம் இழுத்துச் செல்லும் பெருங்கால்வாய்களை அமைத்தார். வடகரையில் மேல்மட்டம், நடுமட்டம், கீழ்மட்டம் என மூன்று. தென்கரையிலும் இவ்வாறே மேலும் கீழுமாக அமைந்தன.

கூடியவரை கழிவு தானே சரிந்து ஓடவேண்டும் என்பது அவர் கணக்கு. சில இடங்களில் ஒரு மைலுக்கு 2 அடி மட்டுமே சரிவு. அதில் ஓர் அங்குலம் பிசகினாலும் கழிவு தேங்கிவிடும். பல கால்வாய்களை முட்டையைக் கூர்முனை கீழாக நிறுத்தியது போன்ற வடிவில் கட்டினார். நீர் குறைவாக ஓடும் நாளிலும் அடியில் குறுகிய பகுதியில் வேகமாக ஓடி வண்டலை அடித்துச் செல்ல அது வகை செய்தது. தாழ்வான பகுதிகளின் கழிவை மேலேற்ற நீராவி இயந்திரங்கள் கொண்ட நீரேற்று நிலையங்கள் எழுந்தன. தென்கரையில் கிராஸ்னெஸ் நிலையத்தை 1865 ஏப்ரல் 4-ஆம் நாள் வேல்சு இளவரசர் தொடங்கி வைத்தார். வடகரையில் ஆபி மில்ஸ் நிலையம் 1868-இல் முடிந்தது. சாக்கடை நீர் இறைக்கும் இடந்தானே என்று எண்ணாமல், கோவில் போன்ற அழகோடு அவற்றைக் கட்டினார்கள்.

முக்கியப் பெருங்கால்வாய்களின் நீளம் 82 மைல். அவற்றோடு இணைந்த தெருக் கால்வாய்கள் 1,100 மைல். செலவான செங்கல் 31 கோடியே 80 லட்சம். ஆயிரக்கணக்கான கூலியாட்களும் கொத்தனார்களும் மண்வெட்டியும் கரண்டியும் கொண்டு நிலத்துக்கடியில் உழைத்தார்கள். விபத்துகளில் உயிர் துறந்தவர்களும் உண்டு. பெரியவரின் பெயரைச் சொல்லும்போது பெயர் தெரியாத அவ்வுழைப்பாளர்களையும் நினைப்பது நம் கடமை.

சிமெண்டு விஷயத்தில் அவர் காட்டிய கண்டிப்பு தனியே சொல்லத்தக்கது. போர்ட்லாந்து சிமெண்டு அப்போது புதிய பொருள். நீரில் நனைய நனைய உறுதிப்படும். ஆனால் பக்குவம் தவறினால் பயன்படாது. வேலைத் தளத்துக்கு வரும் சிமெண்டைச் சோதித்துப் பார்த்து, தேறாததைத் தள்ளிவிட வேண்டும் என்று விதித்தார். மண் போட்டு மூடியபின் எவரும் பார்க்கப் போவதில்லை. மனிதர் காணாத இடத்திலும் நேர்மையாய் வேலை செய்கிறவன் இறைவனின் கண்முன் வேலை செய்கிறான்.

இன்னொன்றும் உண்டு. அன்றிருந்த மக்கள்தொகைக்கு மட்டும் அவர் அளவெடுக்கவில்லை. மேலும் பாதி மக்கள் பெருகினாலும் தாங்கும்படி கால்வாய்களை அகலமாக்கினார். பதினொரு பிள்ளைகளின் தகப்பனார் அல்லவா? இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் இடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நகரம் அவர் கணக்கையும் மீறி வளர்ந்தது. ஆயினும் அவர் இட்ட அகலத்தால் அக்கால்வாய்கள் இன்றும் லண்டனுக்கு முதுகெலும்பாய் நிற்கின்றன.

1866 காட்டிய உண்மை

1866-இல் காலரா மீண்டும் வந்தது. மாண்டவர்கள் 5,596 பேர். ஆனால் இம்முறை ஒரு வேறுபாடு தெரிந்தது. சாவு ஏறத்தாழ முழுவதும் கிழக்கு லண்டனில், ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் நிகழ்ந்தது. அங்கேதான் புதிய கால்வாய்கள் இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. அங்கு வழங்கிய குடிநீரில் நதியின் கழிவு கலந்திருந்தது. கால்வாய் வேலை முடிந்திருந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நாற்றமே நோய்க்குக் காரணம் என்று அதுவரை எண்ணியிருந்த புள்ளிவிவர அறிஞர் வில்லியம் ஃபார், இக்கணக்குகளை ஆராய்ந்து, தண்ணீரே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். பாசல்ஜெட்டோ ஆராய்ச்சிக்குக் காத்திராமல், ஆபி மில்ஸில் தற்காலிகமாக ஒரு நீரேற்று ஏற்பாட்டை விரைந்து செய்தார்.

அதுவே லண்டன் கண்ட கடைசிப் பெருங்காலரா. 1884-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் நம் நாட்டுக் கல்கத்தாவில் அந்நோய்க் கிருமியைத் தெளிவாக இனங்கண்டார். கிருமி என்ன என்று உலகம் அறியும் முன்பே ஒரு மாநகரைக் காத்துவிட்டது பாசல்ஜெட்டின் செங்கல் வேலை.

நதிக்கரையும் பிற பணிகளும்

வடகரையின் கீழ்மட்டக் கால்வாயை நெரிசலான தெருக்களின் அடியில் கொண்டுசெல்லாமல், நதியின் ஓரத்திலேயே உறுதியான கற்கரை எழுப்பி அதனுள் வைத்தார். அதுவே 1870-இல் திறக்கப்பட்ட விக்டோரியா கரை. அதன் உள்ளே கழிவுநீர்க் கால்வாய், குழாய்களுக்கான சுரங்கம், நிலத்தடி இருப்புப்பாதை. மேலே அகன்ற சாலையும் மர நிழலும் பூங்காவும். ஆல்பர்ட் கரை, செல்சி கரை ஆகியவையும் எழுந்தன. மூன்றும் சேர்ந்து நதியிலிருந்து மீட்ட நிலம் 52 ஏக்கர். சேறும் நாற்றமுமாய்க் கிடந்த இடத்தில் மாலை வேளையில் எளிய மக்கள் குழந்தைகளோடு உலாவினார்கள்.

புதிய தெருக்களும், பட்னி, ஹாமர்ஸ்மித், பாட்டர்சி ஆகிய பாலங்களும் அவர் கைவண்ணமே. 1875-இல் அரசியார் அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். 1884-இல் சிவில் பொறியாளர் கழகத்தின் தலைமையும் அவரை நாடி வந்தது.

குறையும் திருத்தமும்

நல்லவர்களின் வரலாற்றை எழுதும்போது குறையை மறைப்பது அழகன்று. அவர் கால்வாய்கள் கழிவை நகரிலிருந்து அகற்றினவே தவிரத் தூய்மைப்படுத்தவில்லை. நகருக்குக் கிழக்கே தேக்கி வைத்து, ஓதம் இறங்கும் வேளையில் கடலை நோக்கிச் செல்லும்படி நதியிலேயே திறந்துவிட்டார்கள். 1878 செப்டம்பர் 3-ஆம் நாள், பிரின்சஸ் ஆலிஸ் என்ற உல்லாசப் படகு மற்றொரு கப்பலோடு மோதி, அந்தக் கழிவு விழும் இடத்துக்கு அருகிலேயே மூழ்கியது. 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சற்று முன்னர்தான் கழிவு திறந்துவிடப்பட்டிருந்தது. நச்சு நீரில் நீந்த முடியாமல் பலர் மாண்டனர் என்று மக்கள் கொதித்தனர்.

அதன்பின் அரசு விசாரணைக் குழு அமைத்தது. கழிவிலுள்ள வண்டலைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு 1880-களின் இறுதியில் வந்தது. வண்டலைக் கப்பலில் ஏற்றி நடுக்கடலில் கொட்டினார்கள். அதற்கென 1887-இல் வந்த முதல் கப்பலுக்குப் பாசல்ஜெட் என்றே பெயர். கடலில் கொட்டும் அவ்வழக்கமும் தவறென்று உணரப்பட்டு 1998-இல் நின்றது. மழைக்காலத்தில் பழைய கால்வாய்கள் நிரம்பி நதியில் வழிவதைத் தடுக்க 25 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பெருஞ்சுரங்கம் வெட்டப்பட்டு 2025-இல் முழுமையாக இணைக்கப்பட்டது. ஒரு தலைமுறை தொடங்கிய நற்பணியை அடுத்த தலைமுறை திருத்தித் தொடரவேண்டும் என்பதற்கு இது சான்று.

இறுதி நாட்கள்

1880-களில் வாரியத்தைப் பற்றி ஊழல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. அதிகாரிகள் சிலர் நிலபுலன் விவகாரத்தில் கைநீட்டியது விசாரணையில் வெளியாயிற்று. கோடிக்கணக்கான செங்கல்லும் லட்சக்கணக்கான பவுனும் தம் கையெழுத்தில் நடமாடியும், பாசல்ஜெட் மீது அந்தக் கறை படியவில்லை. 1889-இல் வாரியம் கலைக்கப்பட்டபோது அவரும் ஓய்வு பெற்று விம்பிள்டனில் உள்ள தம் இல்லத்தில் மனைவி மக்களோடு தங்கினார்.

1891 மார்ச்சு 15-ஆம் நாள், 72 வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது அங்கேயே இறந்தார். விம்பிள்டன் புனித மரியாள் ஆலயத்து வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயம். அவர் நம் சபையினர் அல்லர். ஆயினும் அயலானுக்கு அன்பு செய்வதில் சபைப் பிரிவு ஏது? மரியா அம்மையார் மேலும் பதினோராண்டுகள் வாழ்ந்து 1902-இல் கணவரைப் பின்தொடர்ந்தார்.

அவர் இறந்த மறு ஆண்டு, 1892-இல், ஜெர்மனியின் ஆம்பர்க்கு நகரில் காலரா பாய்ந்து ஏறத்தாழ 8,600 பேரைக் கொன்றது. அத்துறைமுகத்தோடு நாள்தோறும் கப்பல் போக்குவரத்துக் கொண்ட லண்டனில் நோய் பரவவில்லை. தம் வாழ்நாள் உழைப்பின் நிறைவான கனியைக் காண அவர் இருக்கவில்லை. விக்டோரியா கரையில் 1901-இல் அவருக்கு ஒரு சிறு நினைவுச்சின்னம் வைத்தார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கவனியாமலே கடந்து போகிறார்கள்.

நமக்கு ஒரு பாடம்

மணிக்கூண்டு எழுப்பினால் அதில் பெயர் பொறிப்பார்கள். பீடம் கட்டினால் உபகாரி என்பார்கள். சாக்கடை கட்டினால் மண் போட்டு மூடிவிடுவார்கள். ஆனால் அக்கால்வாய்களால் பிழைத்த குழந்தைகள் எத்தனை லட்சம்! எந்தத் தாயும் பாசல்ஜெட்டுக்கு நன்றி சொல்லவில்லை. தன் பிள்ளை எதிலிருந்து தப்பியது என்பதே அவளுக்குத் தெரியாது. நன்றியை எதிர்பாராத தொண்டு இதுவே. இடக்கைக்குத் தெரியாமல் வலக்கை செய்யும் தருமம் என்று ஆண்டவர் போதித்ததும் இதுவே.

யூபிலி ஆண்டில் நாமும் ஒரு காரியத்தைச் சிந்திப்போம். நம் வீட்டு மலக்குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம்? நம் தெருச் சாக்கடை எந்தக் குளத்தில் விழுகிறது? அந்தக் குளத்து நீரை எந்த ஏழைக் குடும்பம் மொண்டு செல்கிறது? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடலில், தூய குடிநீர் ஒவ்வொரு மனிதரின் அடிப்படை உரிமை என்று போதித்தார். அப்போதனை நம் கோவில் வாசலோடு நின்றுவிடக் கூடாது.

அதனினும் பெரிய காரியம் ஒன்றுண்டு. கால்வாய்களிலும் மலக்குழிகளிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை நம் நாட்டுச் சட்டம் 2013-இல் தடை செய்துவிட்டது. எனினும் நச்சுவாயு தாக்கி அக்குழிகளுக்குள் உயிர்விட்ட தகப்பன்மாரின் செய்தி இன்றும் வந்துகொண்டே இருக்கிறது. அவர்களும் இறைவனின் பிள்ளைகள். அவர்களுக்கும் வீட்டில் காத்திருக்கும் மனைவி மக்கள் உண்டு. கூலி சற்று அதிகமாயினும், இயந்திரம் கொண்டே மலக்குழியைச் சுத்தம் செய்விப்போம் என்று இப்பங்கின் ஒவ்வொரு குடும்பமும் யூபிலித் தீர்மானம் எடுத்தால், அது எந்தத் தங்கக் காணிக்கையினும் ஆண்டவருக்கு உகந்ததாகும். நம் வாசலில் வேலைக்கு வரும் தொழிலாளியை மரியாதையோடு அழைப்போம். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் நம் வீட்டுக் குவளையிலேயே கொடுப்போம்.

நம் குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சொல். உழைப்பால் ஒருமுறை நொறுங்கியும் எழுந்து நின்று, பதினொரு மக்களையும் ஒரு மாநகரையும் பேணிய அத்தகப்பனாரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாததாய் இருக்கலாம். ஊரார் அதை இழிவென்றும் எண்ணலாம். அன்போடும் நேர்மையோடும் செய்தால் அது இறைவனின் பணியே.

தொழிலாளரின் பாதுகாவலராம் புனித சூசையப்பர் நம் குடும்பங்களைக் காப்பாராக! மண்ணுக்கடியில் உழைத்து மாண்ட எல்லா உழைப்பாளர்களுக்கும் இறைவன் நித்திய இளைப்பாற்றியை அளிப்பாராக!